அழைத்தல் ஒருமுறைதானா?

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளி மாலை. சிலுவைப்பாதை முடிந்து இறைமக்கள் கலைந்த பின்னர், தாய் ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். கணவரை இழந்து, தையல் தொழில் செய்து ஒரே மகனைப் படிக்க வைத்தவர். "சாமி, அவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். காலேஜ்ல எட்டு வருசமா பாடம் நடத்துறான். மாசம் பொறந்தா சம்பளம் வருது. அதை விட்டுட்டுப் பத்திரிகையில எழுதப் போறேங்கிறான். அரசியல், சினிமான்னாலும் நாலு பேரு படிப்பாங்க. ஓடுறதப் பத்தியும் உடம்பப் பத்தியும் எழுதப் போறானாம்!"

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினோம். உண்மையில் நம் மனமும் அந்தத் தாயின் பக்கமே சாய்ந்திருந்தது. கலப்பையில் கைவைத்தபின் திரும்பிப் பார்ப்பவனைப் பற்றி ஆண்டவர் கூறியது உடனே நினைவுக்கு வந்தது. அதனைக் கொண்டே அவனை மடக்கிவிடலாம் என்றும் எண்ணினோம். மறைநூலைக் கொண்டு பிறரை மடக்க நினைக்கும் வேளைகளில் நாம் பெரும்பாலும் நம் வசதியையே தேடுகிறோம் என்பதைக் கால் நூற்றாண்டைக் கடந்த குருத்துவ வாழ்வு நமக்குக் கற்பித்திருக்கிறது, கற்றும் திருந்தவில்லை.

நம் பங்குகளில் 'அழைத்தல்' என்னும் சொல் குருமடத்திற்கும் கன்னியர் இல்லத்திற்கும் மட்டுமே உரியதாகிவிட்டது. ஆண்டுதோறும் அழைத்தல் ஞாயிறு கொண்டாடுகிறோம். சிறுவர் சிறுமியரைக் குருவாகவும் கன்னியராகவும் உடை உடுத்திப் பவனி வரச் செய்கிறோம். இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1964ஆம் ஆண்டு திருச்சபை பற்றி வெளியிட்ட கோட்பாட்டு விளக்கத்தில், புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லா நிலையினர்க்கும் பொது என்று தெளிவாகக் கூறியது. அதனை நாம் மறையுரையில் சொல்கிறோம். ஆனால் ஓர் ஆசிரியரோ கணக்கரோ மின்பணியாளரோ தம் வேலையைப் பற்றி நம்மிடம் பேச வந்தால், அதைப் பிழைப்பு என்றே எண்ணிப் பதில் சொல்கிறோம். பிழைப்பு என்றால் சம்பளம் எது கூடுதலோ அதுவே சரி. அழைத்தல் என்றால் கேள்வி வேறாகிறது. ஒருமுறை அழைக்கப்பட்டவன் பின்னர் வேறிடத்திற்கும் அழைக்கப்படுவதுண்டா?

நற்செய்தியில் இதற்கு ஒரே விடை இல்லை. பேதுரு வலைகளை விட்டுச் சென்றார். உயிர்ப்புக்குப் பின் மீண்டும் மீன்பிடிக்கப் போனார். ஆண்டவர் அவரைக் கண்டது அந்தக் கரையில்தான். பவுலடியார் திருத்தூதராகிய பின்னும் கூடாரம் செய்யும் தொழிலைக் கைவிடவில்லை. மத்தேயு சுங்கச்சாவடியை விட்டு எழுந்தவர், திரும்பிப் போனதாகக் குறிப்பில்லை. போயிருந்தால் சுங்கம் கட்டியவர்கள் வருந்தியிருப்பார்கள்!

மறுவாரம் அந்த இளைஞன் தானே வந்தான். இயற்பியல் விரிவுரையாளன்; பள்ளிப் பருவத்தில் மாவட்ட அளவில் 5000 மீட்டர் ஓடியவன்; இன்றும் விடியலில் கல்லறைத் தோட்டச் சாலையில் ஓடுபவன். சென்னையில் ஓராண்டு இதழியல் படித்துவிட்டு, விளையாட்டையும் உடல்நல அறிவியலையும் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்றான். கையில் ஓர் ஆங்கில நூல் இருந்தது. "ஃபாதர், இதைப் படிச்சிட்டு என்னைத் திட்டுங்க" என்று வைத்துவிட்டுப் போனான்.

கனடா நாட்டு அலெக்ஸ் ஹட்சின்சன் என்பார் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட 'எண்டியூர்' என்னும் நூல் அது. தாங்கும் ஆற்றலின் எல்லை எது என்பதே அதன் பொருள். நூலாசிரியர் கேம்பிரிட்ஜில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் சார்பில் குவாண்டம் கணினி பற்றி ஆய்வு செய்தவர். கனடாவுக்காக நடுத்தர, நெடுந்தூர ஓட்டங்களில் ஓடியவரும்கூட. அத்தகையவர் ஆய்வுக்கூடத்தை விட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பயின்று, ஒட்டாவா நகர நாளேடு ஒன்றில் செய்தியாளராகச் சேர்ந்தார். பின்னர் ஓட்டத்தையும் உடற்பயிற்சியையும் பற்றிய ஆய்வுகளைப் பொதுமக்களுக்கு விளக்குவதையே தொழிலாகக் கொண்டார்.

அந்நூலில் அவர் தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறார். 1500 மீட்டரை 4 நிமிடங்களுக்குள் ஓடிவிட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் முயன்றும் அவரால் இயலவில்லை. 1996ஆம் ஆண்டு கியூபெக் மாநிலத்தின் ஷெர்புரூக் நகரில் ஒரு போட்டி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நேரத்தை உரக்கச் சொல்லும் பணியாளர் தவறாகச் சொன்னார். உண்மையில் ஆன நேரத்தைவிடச் சில விநாடிகள் குறைவாக இவர் காதில் விழுந்தது. 'இன்று நாம் பறக்கிறோம்' என்று நம்பிய இளைஞர் 3 நிமிடம் 52.7 விநாடியில் ஓடி முடித்தார். அடுத்தடுத்த போட்டிகளில், தவறாகச் சொல்வார் எவரும் இல்லாமலே, 3 நிமிடம் 44 விநாடிவரை இறங்கினார். அதுவரை தம்மைத் தடுத்தது கால்களா, எண்ணமா என்னும் கேள்வி அன்று அவருள் விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டேதான் அவர் பின்னாளில் தொழில் மாறினார் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் அவர் தேடியது எதுவோ அதனை விட்டுவிடாமல், வேறு மேசைக்கு எடுத்துச் சென்றார்.

ஆனால் இக்கதையில் குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றவனை உறுத்தும் முள் ஒன்று உண்டு. தவறான சொல் ஒன்று நன்மை செய்துவிட்டதே! கடிகாரம் பார்த்தவருக்கு ஏமாற்றும் நோக்கம் இல்லை. ஆதலின் அது பிழையே அன்றிப் பொய்யன்று. ஆயினும் அடுத்த அடி எளிது. மக்களை ஊக்குவிக்கக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன? 'நாளும் அரைமணி நடந்தால் இந்த நோய் வராது' என்று உறுதியாக எழுதினால் நாலு பேர் நடப்பார்கள் அல்லவா? 'பாதிப்பு இருமடங்கு' என்று தலைப்பிட்டால் நாலு பேர் புகையை விடுவார்கள் அல்லவா? பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வந்தாலும் இருமடங்குதான். பத்தில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வந்தாலும் இருமடங்குதான். எது என்பதைச் சொல்லாமல் விடுபவன் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையும் சொல்லவில்லை. தூய அகுஸ்தீனார் பொய்யைப் பற்றித் தனியே இரு நூல்கள் எழுதியவர். நன்மை பயக்கும் பொய்யையும் அவர் ஏற்கவில்லை. தூய தோமா அக்குவினாரும் அவ்வழியே நின்றார். உதவும் நோக்கில் சொல்லும் பொய் அற்பப் பாவம் என்று சற்றே இளகினார், அவ்வளவே. குருமடத்தில் இப்பாடம் நமக்கு மிகக் கடுமையாகத் தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் நம் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை புறப்பட்டது. கொடியேற்றத்திற்குள் சென்று சேர வேண்டும். கடும் வெயில். முந்திய ஞாயிறு நாளேடு ஒன்றின் இணைப்பில் உடல்நலப் பகுதியைப் படித்திருந்தோம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கலாகாது, தாகமே ஆபத்தின் அடையாளம், முடிந்த மட்டும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. திருப்பலி முடிவில் அதனை அப்படியே அறிவித்தோம். அன்பியத் தலைவர்கள் வழி நெடுகிலும் அதனை நினைவூட்டினார்கள்.

மூன்றாம் நாள் மாலை அறுபத்தேழு வயது மூதாட்டி ஒருவர் தலைவலி என்றார். பின் வாந்தி எடுத்தார். பின் தம் மகளின் பெயரையே மாற்றிச் சொன்னார். வெயில் தாக்கிவிட்டது என்று கருதி உடன் வந்தோர் மேலும் தண்ணீர் கொடுத்தார்கள். வலிப்பு வந்த பின்னரே வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கியிருந்தது. இரத்தக் கொதிப்புக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை உட்கொண்டு வந்தவர். நோன்பென்று சரியாக உண்ணாதவர். மூன்று நாளும் வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்திருக்கிறார். ஆறாம் நாள் தெளிந்து வீடு திரும்பினார், ஆண்டவருக்குத் தோத்திரம். நாம் நோயாளிகளைச் சந்திக்கும் முறையில் நற்கருணையோடு சென்றபோது அவர் பெருமையோடு சொன்னார்: "நீங்க சொன்னபடிதான் சாமி செஞ்சேன். தாகமே இல்லாட்டியும் குடிச்சேன்."

அச்சொல்லை நாம் யாரிடமும் கொண்டுபோய் இறக்கி வைக்க இயலவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னோம். கேட்ட மூத்த அருட்பணியாளர், 'இதில் பாவம் ஏது' என்றார். இருக்கலாம்.

அப்பயணத்தில் மருந்துப்பெட்டி சுமந்து உடன் வந்தவன்தான் இந்த இளைஞன். நடந்தது என்ன என்பதை அவனே தேடிப் படித்து, சில வாரங்கள் கழித்து நமக்கு விளக்கினான். நீண்ட உழைப்பின்போது உடல் நீரை வெளியேற்றாமல் பிடித்து வைக்கும் சுரப்பு ஒன்று மிகுவதுண்டு. அந்நிலையில் அளவுக்கு மேல் குடித்தால் இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போகும். நீர் மூளையின் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்யும். தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ், நெடுந்தூரப் பந்தயக்காரர் நால்வரிடம் இதனைக் கண்டு 1985ஆம் ஆண்டே எழுதினார். ஆயினும் 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் அமைப்பு, தாங்கக்கூடிய அளவு மிகுதியாகக் குடிக்கலாம் என்னும் கருத்தில் வழிகாட்டியது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓடிய 28 வயதுப் பெண் ஒருவர் இக்கேட்டினால் இறந்தார். அதே ஓட்டத்தில் கலந்துகொண்ட 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. நூற்றுக்குப் பதின்மூவருக்குச் சோடியம் குறைந்திருந்தது. 2007இல் அந்த அமைப்பு தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. தாகத்தை ஒட்டிக் குடிப்பதே ஏற்றது என்று 2015இல் பன்னாட்டு வல்லுநர் குழு அறிவுறுத்தியது.

ஆக, நாம் பீடத்தில் நின்று அறிவித்த 2018ஆம் ஆண்டில், உண்மை பல ஆண்டுகளாக அச்சில் இருந்தது. ஆங்கிலத்தில், மருத்துவ இதழ்களில் இருந்தது. அதற்கும் நம் பங்கின் ஒலிபெருக்கிக்கும் நடுவே ஒருவர் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. நின்ற இடத்திலோ பழைய செய்தியைச் சரிபாராமல் மறுபடி எழுதிய ஒருவர் இருந்தார். அவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவருக்கும் அந்த மூதாட்டியைத் தெரியாது.

இளைஞனைத் தொழில் மாறத் தூண்டியது அந்த நிகழ்ச்சியே என்பதை அவன் சொல்லித்தான் அறிந்தோம். அவனைப்போல் ஒருவர் அமெரிக்காவிலும் உண்டு. டேவிட் எப்ஸ்டீன் சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனில் பள்ளியில் பயின்ற காலத்தில் அவரோடு ஓடிய நண்பன் பந்தயம் ஒன்று முடிந்ததும் விழுந்து இறந்தான். மரித்தவனின் பெற்றோரிடம் தயங்கித் தயங்கி இசைவு பெற்று, மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். இதயத் தசை இயல்புக்கு மீறித் தடிக்கும் பிறவிக் குறை. எப்ஸ்டீன் அப்போது அறிவியல் மாணவர். ஆர்க்டிக் பகுதியில் கூடாரமிட்டு ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில்தான் விளையாட்டு எழுத்தாளராவது என்று முடிவு செய்தாராம். 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் சேர்ந்து, விளையாட்டு வீரர்களின் திடீர் இதயச் சாவுகளைப் பற்றி எழுதினார். பேஸ்பால் வீரர் அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2003ஆம் ஆண்டுச் சோதனையில் ஊக்கமருந்துக்காகச் சிக்கியதை 2009இல் சக எழுத்தாளரோடு வெளிக்கொணர்ந்தவரும் அவரே. இறந்தவனுக்குப் பட்ட கடனை அவன் நண்பன் இவ்வழியில் தீர்க்கிறான் என்று கொண்டால், அது தொழில் மாற்றம்தானா?

இங்கே மருத்துவரான லூக்காவை நினைக்காமல் இருக்க இயலவில்லை. கொலோசையர் திருமடல் அவரை அன்புக்குரிய மருத்துவர் என்று குறிக்கிறது. அவரது நற்செய்தியின் முகவுரையையும் நோக்குக. தெயோபிலுக்கு எழுதும் அவர், தாம் கண்ணால் கண்டதாகப் பெருமை பேசவில்லை. தொடக்கமுதல் கண்டோர் சொன்னதைக் கேட்டு, யாவற்றையும் ஆராய்ந்து, ஒழுங்குபட எழுதுவதாகவே கூறுகிறார். இதழாளர் செய்ய வேண்டிய பணி இதுவே அன்றோ! லூக்கா மருத்துவத்தை விட்டாரா என்பதற்குக் குறிப்பில்லை. ஆயினும் அவரது கைமருந்து ஒரு காலத்தவரோடு முடிந்திருக்கும். எழுதுகோல் நம் பங்குவரை வந்திருக்கிறது. புனித பிரான்சிஸ் சலேசியாரை இதழாளரின் பாதுகாவலராகத் திருத்தந்தை பதினோராம் பயஸ் 1923இல் அறிவித்தார். உடல்நலம் எழுதுவோர் லூக்காவையும் துணைக்கு வேண்டிக்கொள்ளலாம் என்பது நம் சொந்தப் பரிந்துரை.

அகுஸ்தீனாரின் கதை எதிர்த்திசையில் செல்கிறது. மிலான் நகரில் சொல்லாட்சிப் பேராசிரியராக இருந்தவர் 386ஆம் ஆண்டு அப்பதவியைத் துறந்தார். சொல்லை விற்கும் சந்தையாக அதனைக் கருதியமையே காரணம். நம் இளைஞனோ சந்தையை நோக்கிப் போகிறான். பத்திரிகைக்கு விளம்பரம் வேண்டும். சத்துமாவும் பானமும் விற்போர்தாம் உடல்நலப் பக்கத்தில் விளம்பரம் தருவோர். 2012ஆம் ஆண்டு ஜூலையில் மருத்துவம் பயின்று இதழாளரான டெபோரா கோஹென், 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் விளையாட்டுப் பானங்களைப் பற்றிய புலனாய்வை வெளியிட்டார். அவற்றை விற்கும் நிறுவனங்களுக்கும் குடிநீர் அறிவுரை வழங்கிய அறிவியலாளருக்கும் இருந்த தொடர்பு அதில் வெளிப்பட்டது. அறிவியலாளரையே தொட்ட பணம் மாதச் சம்பளமில்லாத எழுத்தாளனைத் தொடாதா? மேலும், ஒன்றில் சரியாக உரைத்தவர் எல்லாவற்றிலும் சரியாக உரைப்பார் என்பதும் இல்லை. தண்ணீரைப் பற்றி எச்சரித்த அதே நோக்ஸ் பின்னாளில் உணவைப் பற்றிக் கூறியவை பெருஞ்சர்ச்சைக்கு உள்ளாயின.

புத்தகத்தை முடித்த பின் அவனை வரவழைத்து, இரண்டு கேள்விகள் கேட்டோம்.

"தம்பி, கல்லூரியில் உனக்கு ஏதும் மனக்கசப்பா?" புனித இஞ்ஞாசியார் மனம் வறண்ட வேளையில் முன் எடுத்த முடிவை மாற்றக் கூடாதென்று கற்பித்தவர்; ஆகவே இதனை முதலில் கேட்டோம். இல்லை என்றான். வகுப்பு பிடிக்கும், மாணவர்களையும் பிடிக்கும், விட்டுப் போவதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது என்றான். வருத்தமின்றி விடுவதாகச் சொல்லியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்போம்.

"பன்னிரண்டு கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு. ஆசிரியர் பரபரப்பான தலைப்புக் கேட்கிறார். உனக்கு அந்த மாதம் வீட்டு வாடகை கட்ட வேண்டும். 'இதிலிருந்து இன்னும் எதுவும் சொல்ல முடியாது' என்று எழுதிக் கொடுப்பாயா?"

நெடுநேரம் பேசவில்லை. பின், "தெரியல ஃபாதர்" என்றான்.

அந்த விடை நமக்குப் பிடித்தது. ஆயினும் அதை வைத்துக்கொண்டு அந்தத் தாயின் தையல் எந்திரத்தின் முன் போய் நிற்க முடியாதே. அவர் பட்ட பாடும் ஒரு கடன்தான். நான்காம் கட்டளை நாற்பது வயதோடு காலாவதியாவதில்லை. கலப்பைச் சொல்லை அவனை மடக்கப் பயன்படுத்தவில்லை. தாயைச் சமாதானப்படுத்த லூக்காவையும் பயன்படுத்தவில்லை. அகுஸ்தீனார் பதவி துறக்க முடிவு செய்தபின் உடனே வெளியேறவில்லை, திராட்சை அறுவடை விடுமுறைக்கு ஏறக்குறைய இருபது நாள் இருந்தது, ஆரவாரமின்றி அதுவரை பொறுத்துப் பாடம் நடத்தினார் என்பதை மட்டும் இருவரிடமும் சொன்னோம். கல்வி ஆண்டின் நடுவில் மாணவர்களை விடாதே, சம்பளமில்லா விடுப்புக் கிடைக்குமா கேள், ஓராண்டு அம்மாவின் செலவுக்குச் சேர்த்து வைத்துவிட்டுப் போ என்றோம். இதில் இறையியல் குறைவு என்று வாசக அன்பர்கள் கருதலாம்.

இவ்வாண்டுப் பாதயாத்திரைக்கான அறிவிப்பை அவனே எழுதித் தந்தான். எவ்வளவு தண்ணீர் என்பதற்கு எல்லோர்க்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை; தாகத்தை ஒட்டிக் குடிக்க; முதியோர்க்குத் தாக உணர்வு மங்குவதால் அதுவும் அவர்களுக்குப் போதுமானதன்று; மாத்திரை உட்கொள்வோர் புறப்படுமுன் தம் மருத்துவரைக் கேட்க; உண்ணாமல் நடக்கவேண்டா; தலைவலியோடு குழப்பம் கண்டால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க. முன்னைய அறிவிப்பைவிட நான்கு மடங்கு நீளம். வாசித்து முடிப்பதற்குள் பின்வரிசையில் சிலர் எழுந்து போய்விட்டார்கள். அந்த மூதாட்டி முன்வரிசையில் அமர்ந்து முழுவதையும் கேட்டார்.

அவன் கல்லூரியில் விடுப்பு விண்ணப்பம் கொடுத்திருக்கிறான். விடை இன்னும் வரவில்லை. அவன் தாயார் ஞாயிறு திருப்பலிக்கு வழக்கம்போல் வருகிறார். முடிந்ததும் முன்பெல்லாம் நின்று பேசிவிட்டுப் போவார். இப்போது பக்கவாயில் வழியே போய்விடுகிறார்.